நாக்குக் கட்டிய மணி

பள்ளிக்கூட மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பதற்கு முன்னால் மணியக்கா ஒரு தடவை கழுவுதொட்டி மூலையைத் திரும்பிப் பார்ப்பாள். காலை ஒன்பதுக்கும் பார்ப்பாள், சாயங்காலம் நாலுக்கும் பார்ப்பாள். அரை நொடிதான். பிறகு சுத்தியலை ஓங்குவாள். பத்தொன்பது வருடமாக இது மாறவில்லை. பிள்ளைகளுக்கு இது ஒரு வசதியாகப் போய்விட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் அவள் தலை திரும்புவதைப் பார்த்ததும் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடுவான். அந்தச் சத்தம் கேட்டு மற்றவர்களும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். தொட்டிப் பக்கம் யாராவது தண்ணீரில் விளையாடுகிறார்களா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தத் தண்டவாளத் துண்டு முழங்கை நீளம் இருக்கும். தாழ்வாரத்தின் கோடியில் இரும்புச் சங்கிலியில் தொங்குகிறது. அடித்தால் காது அடைக்கும், ஆனால் இனிமை என்று ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வெண்கலக் கைமணி இருந்தது. மரப்பிடி போட்டது. மணிக்காரர் அதைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடப்பார். கடைசி மணிக்கு மட்டும் நடந்து போய், திரும்பியும் வருவார். அதற்கு நீண்ட மணி என்று பெயர். மணி முதலில் ஒன்றாம் வகுப்பில் கேட்கும், அப்புறம் மெல்ல மெல்லப் பெரிய வகுப்புகளுக்கு வரும். மைக்கூடும் சிலேட்டும் ஈரச் சுண்ணாம்பும் வாசனை அடிக்கும் அந்த அறைகளில் உட்கார்ந்து, அது தன் வகுப்பை நோக்கி வருவதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மதிய இடைவேளையில் அந்த மணி காணாமல் போனது.

மணிக்காரர்தான் விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. லீவு நாட்களில் அவர் மணியை வீட்டுக்கு எடுத்துப்போய், சாம்பலும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருவார். அந்தப் பாசமே அவருக்கு வினையாக வந்து முடிந்தது. அடிக்கடி வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்குப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும் என்றார்கள். மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் எடுக்கவில்லை என்று மூன்று தடவையும் சொன்னார். நிரூபிக்க யாராலும் முடியவில்லை. ஆனாலும் மணி வேலையிலிருந்து எடுத்து, மைதானம் பெருக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் தண்ணீர்க் குடத்தோடு குனியும்போதெல்லாம் பின்னால் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள்: ‘வயித்துல மணி அடிக்குதா?’ ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அந்த மணிக்காரர் மணியக்காவின் மாமனார்.

மணியை எடுத்தவளும் அவள்தான்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஓரத்து இடம். நாளையிலிருந்து நீ பள்ளிக்கூடம் போகவேண்டாம், தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா முந்தின நாள் சொல்லியிருந்தாள். அம்மா ஒரு சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. பேசிப் பழக்கமில்லாத பிள்ளை. ஆனால் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நீண்ட மணி அடித்தால்தானே பள்ளிக்கூடம் விடும்? அடிக்காவிட்டால்?

மணிக்காரர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மணி ஜன்னல் விளிம்பில் அவருடைய துடைக்கும் துணியின் மேல் இருந்தது. துணியோடு சேர்த்துச் சுருட்டினாள். நாக்கு ஆடிச் சத்தம் போட்டதும் உயிரே போய்விட்டது. தலையிலிருந்த நீல ரிப்பனை உருவி, நாக்கை இறுக்கிக் கட்டினாள். கழுவுதொட்டிக்குப் பின்னால் மண் ஈரமாக இருக்கும். சாப்பாட்டு ஸ்பூனால் தோண்டினாள். கை எட்டுகிற ஆழத்துக்குத் தோண்டி, உள்ளே வைத்து மூடி, மேலே நின்று மிதித்தாள்.

நாலு மணிக்கு மணிக்காரர் வாளி மூடியை எடுத்து, குச்சியால் தட்டிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தார். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. பிள்ளைகளெல்லாம் வாளி மூடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

அடுத்த நாள் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அடுத்த நாள் அவள் இடுப்பில் தம்பி இருந்தான். பள்ளிக்கூட வாசலுக்குள் போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஒன்பது வருடம் கழித்து வீட்டில் மாப்பிள்ளை பேசினார்கள். லாரி ஓட்டுகிற பையன், நல்ல குணம் என்றார்கள். பையனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரை நிமிர்ந்து பார்த்தாள். அதே மணிக்காரர். முகம் வெளிறியதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே உதவியாள் வேலை கிடைத்தது. சுத்தியலும் அவள் கைக்கு வந்தது. வீடு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். தண்டவாளச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே மாமனாரின் நாற்காலியிலிருந்து தீர்ப்பு வரும். ‘அரை நிமிஷம் முந்தி.’ ‘இன்னைக்கு சரியா இருந்துச்சு.’ அவருக்குத் தன் வேலை முழுதாகக் கைவிட்டுப் போகவில்லை என்று காட்ட அதுதான் வழி. அவளுக்கும் அது தெரியும்.

இப்படியே காலம் போயிருக்கும். போன வருடம் புதிதாக ஒரு வரலாற்று டீச்சர் வந்தாள். படிக்கிற காலத்தில் ஓர் அகழாய்வுக் குழியில் மூன்று மாதம் வேலை செய்தவளாம். பழைய கழுவுதொட்டியை இடித்துப் புதுக் குழாய்கள் போடப்போகிறார்கள், அஸ்திவாரம் தோண்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் தலைமையாசிரியரிடம் போய் நின்றாள். அவர்கள் கடப்பாரை போடுவதற்கு முன்னால் என் பிள்ளைகள் பத்து நாள் கரண்டி போடட்டும் என்று கேட்டாள். தலைமையாசிரியர் சரியென்றார். சும்மா கிடக்கிற மண்தானே.

மணியக்கா அன்றைக்கு டீச்சருக்கு டீ கொண்டுபோனாள். எப்போதும் வலியப் பேசாதவள், டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

“டீச்சர், அங்க வேண்டாம். அடியில தண்ணிக் குழாய் போகுது.”

“அப்படியா அக்கா? நல்லவேளை சொன்னீங்க” என்று டீச்சர் நன்றியோடு எழுந்துபோய், பள்ளிக்கூடக் கட்டட வரைபடத்தை எடுத்து விரித்தாள். குழாய் அந்தப் பக்கமே போகவில்லை. “பயப்படாதீங்கக்கா, குழாய் வேற பக்கம்” என்று சந்தோஷமாக வந்து சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூடம் காலியாக இருந்தபோது, வீட்டிலிருந்து ஒரு ஸ்பூனைக் கொண்டுபோனாள். தோண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் கழுவுதொட்டிக்குப் பின்னால் நின்றபோதுதான் எந்த இடம் என்றே தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்த்த மூலை! ஆனால் அவள் பார்த்ததெல்லாம் நினைவில் இருந்த மூலையை. இங்கே தொட்டியை நடுவில் ஒருமுறை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். தரை உயர்ந்திருக்கிறது. அவள் தோண்டினாள். கை எட்டுகிற மட்டும் தோண்டினாள். ஓட்டுத் துண்டுகள்தான் வந்தன. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, நகக்கண்ணில் அழுக்கோடு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை முளை அடித்து, நூல் கட்டி, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரில் ஒரு சதுரம் போட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் திரிந்ததால் ஒரு பெண்ணுக்கு முதல் நாளே பிரஷ் என்று பெயர் வந்துவிட்டது. டீச்சர் அவர்களைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னதை, தாழ்வாரத்தைப் பெருக்குகிற சாக்கில் மணியக்காவும் கேட்டாள்.

“பெட்டியில துணி அடுக்கிற மாதிரிதான் மண்ணும். கடைசியா வெச்சது மேல இருக்கும், முதல்ல வெச்சது அடியில இருக்கும். நடுவுல யாராவது கையை விட்டு அடியிலேர்ந்து ஒண்ணை உருவினா என்ன ஆகும்?”

“மடிப்பு கலைஞ்சிடும் டீச்சர்.”

“அம்மா திட்டுவாங்க டீச்சர்” என்றான் இன்னொருவன்.

“அந்தக் கலைஞ்ச மடிப்பைத்தான் நாம தேடுறோம்.”

ஒரே ஒரு சட்டம் போட்டாள். எது கண்ணில் பட்டாலும் பிடுங்கக்கூடாது. இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும், அளக்கவேண்டும், வரையவேண்டும். அப்புறம்தான் கை வைக்கவேண்டும். பிடுங்கினால் பொருள் கிடைக்கும், அது அங்கே எப்படி வந்தது என்பது கிடைக்காது.

பிள்ளைகளுக்கு அது முதலில் பெரிய தண்டனையாக இருந்தது. ஒரு சோடா மூடியை முக்கால் மணி நேரம் வரைந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ருசி கண்டுகொண்டார்கள். சட்டைப் பொத்தான், பேனா நிப், சிலேட்டுக் குச்சி, பல் போன சீப்பு எல்லாம் வந்தன. சல்லடையில் ஒரு கோலிக்குண்டு தங்கியபோது, விளையாட்டில் தோற்றவன் கோபத்தில் எறிந்ததா, ஜெயித்தவன் தவற விட்டதா என்று அரை நாள் சண்டை போட்டார்கள். மணியக்கா தூரத்தில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தச் சீப்பு யாருடையது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. மூன்றாவது பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், கழுவுதொட்டியில் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டுதான் வகுப்புக்குள் வருவாள். பல வருடம் கழித்து அவள் முகம் மணியக்காவுக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் பிரஷ் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தாள். ஓரத்தில் ஒரு வட்டம், மண் பொலபொலவென்று இருக்கிறது, ஓட்டுத் துண்டுகள் தலைகீழாகக் கிடக்கின்றன.

“டீச்சர், இது புதுக் குழி. போன வெள்ளிக்கிழமை மழை பெஞ்சுதுல்ல, அந்த வண்டல் இதுக்கு மேல இல்ல. அப்புறமா யாரோ தோண்டியிருக்காங்க. ஸ்பூன்ல.” குழியின் பக்கவாட்டில் வளைவு வளைவாகப் பதிந்த தடத்தை விரலால் காட்டினாள்.

யாராவது வாலுப் பிள்ளையாக இருக்கும் என்றாள் டீச்சர். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். மணியக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஓட்டுத் துண்டு அடுக்குக்கும் கீழே, புதுக் குழிக்கு இரண்டடி தள்ளி, இன்னொரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் செம்மண், நடுவில் மட்டும் கறுப்பு மண். ஒரு தட்டின் அளவு. மேலே ஓட்டுத் துண்டுகள் கலையாமல் கிடந்ததால் இது ஓடு விழுவதற்கு முன்னால் தோண்டியது என்று பிள்ளைகளே சொன்னார்கள். கூரையிலிருந்த ஓட்டைப் பிரித்துத் தகரம் போட்டது நாற்பது வருடத்துக்கு முன் என்று பழைய பதிவேட்டில் இருந்தது. கறுப்பு மண்ணை மட்டும் ஸ்பூன் ஸ்பூனாக எடுத்தார்கள். பிரஷ் தரையில் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டிருந்தாள். பச்சையாக ஏதோ தெரிந்தது. அவள் பிடுங்கவில்லை. கையை வெளியே எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

வரைந்து முடிக்கவே இரண்டு மணி நேரமானது. பிறகுதான் மணி வெளியே வந்தது. மரப்பிடி மக்கி, உள்ளே இருந்த இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். மேலெல்லாம் பச்சைக் களிம்பு. ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்கலத்தின் பச்சைதான் அதை மக்காமல் காப்பாற்றியிருக்கிறது என்று டீச்சர் சொன்னாள். உள்ளே நாக்கில் ஒரு ரிப்பன், இரட்டை முடிச்சு.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். அவரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். மணி காணாமல் போன வருடம் அவர் எட்டாம் வகுப்பு. துணியைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் சணல் நூலில் பெரிய பெரிய தையல்.

“இது மணிக்காரரோட துணி. அவர் தோள்லயே கிடக்கும், சாக்குத் தைக்கிற நூல்ல அவரே தெச்சது. அப்பவே சொன்னாங்க. விக்கிறதுக்காக ஒளிச்சு வெச்சிருக்கார், விசாரணை வந்ததும் எடுக்க முடியாம போச்சு. அவ்வளவுதான்.”

“சார், ஸ்பூன்ல தோண்டியிருக்கு, ஓரத்துல தடம் இருக்கு” என்றாள் பிரஷ். “தோட்டத்துல மண்வெட்டி இருக்கும்போது பெரியவங்க எதுக்கு ஸ்பூன் எடுக்கணும்? ஆழமும் சரியா என் கை அளவுதான் இருக்கு.”

“அவசரத்துல கைக்குக் கிடைச்சதை எடுத்திருப்பார்மா.”

“ரிப்பன்?”

“ரிப்பன் எங்க வேணாலும் கிடைக்கும்.” வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். கண்காட்சிக்கு அப்படியே எழுதி ஒட்டுங்கள், திருட்டு கண்டுபிடிக்கப்பட்டது என்றே தலைப்புப் போடலாம் என்றார். டீ டம்ளர்களோடு மணியக்கா பின்னால் நிற்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. “தப்பா எடுத்துக்காதம்மா. பழைய கதை. யாரும் பெருசா நினைக்க மாட்டாங்க” என்றார்.

பிரஷ் நோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டு குழியும் ஒரே மாதிரி இருக்கு டீச்சர். புதுக் குழி தோண்டினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. இடம்தான் மறந்துபோச்சு.”

அன்றைக்குத் தண்டவாளம் அடிக்க இரண்டு நிமிடம் தாமதமானது. மூலையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது வயது, காது மட்டும் இன்னும் கூர்மை.

“ரெண்டு நிமிஷம் லேட்டு. உடம்பு சரியில்லையாம்மா?”

செருப்பைக் கழற்றாமலே நின்றாள். “மாமா, மணி கிடைச்சிடுச்சு.”

“எந்த மணி?”

“உங்க மணி.”

அவர் கை நாற்காலிப் பிடியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது.

“நாக்கு இருக்கா?”

“இருக்கு மாமா. கட்டியிருக்கு.”

“யாரு கட்டினது?”

“நான்தான்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வாளி மூடியை அவர் தட்டிக்கொண்டு வந்தது வரைக்கும் சொன்னாள். முடித்ததும், அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் கேட்டார்:

“முப்பத்திரண்டு வருஷமா எனக்குச் சோறு போடுற. ஒரு நாள்கூட சொல்லத் தோணலையா?”

“தினமும் தோணும் மாமா. தட்டு வைக்கும்போது தோணும். நீங்க கை கழுவிட்டு எழுந்திரிச்சதும், நாளைக்குன்னு போயிடும்.”

அவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புதன்கிழமை பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார். அந்த வீட்டில் அவர் தட்டு கழுவி அவள் பார்த்ததே இல்லை. அது அவளை அறைந்திருந்தால் வலிப்பதைவிடப் பெரிதாக வலித்தது. லாரியோடு வெளியூர் போயிருந்த கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “அப்பா என்ன சொல்றாரோ அதான்” என்று மட்டும் சொன்னான். வியாழக்கிழமை சாயங்காலம் தண்டவாளத்தைச் சரியாக அடித்துவிட்டு வந்தாள். நாற்காலியிலிருந்து தீர்ப்பு வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கதவோரம் வந்து நின்றார்.

“நாளைக்கு அங்க என்ன சொல்லப் போற?”

“எல்லாத்தையும்.”

“எல்லார் முன்னாடியுமா? நீயா?” ஒரு கணம் பழைய கிண்டல் குரலில் எட்டிப் பார்த்தது. “உனக்குக் கடையில உப்பு கேக்கவே வாய் வராது.” பிறகு சொன்னார்: “என் வெள்ளைச் சட்டையைத் தேச்சு வை.”

கண்காட்சி ஏழாம் வகுப்பு அறையில். மணியக்கா படித்த காலத்தில் அதுதான் ஆறாம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, மேசை மேல் வெள்ளைத் தாள் விரித்து, பொத்தானும் நிப்பும் சீப்பும் வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் மணி. பக்கத்தில் அட்டை. அதில் பிள்ளைகள் தலைமையாசிரியர் சொன்னதை எழுதவில்லை. எடுத்தவர் யார் என்பதற்கு எதிரே இடம் காலியாக விட்டிருந்தார்கள். சான்று போதவில்லை என்று டீச்சர் சாதித்திருக்கிறாள். பெற்றோர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவரைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

மணியக்கா மேசையருகே போனாள். கூட்டத்தைப் பார்த்தால் வாய் கட்டிவிடும் என்று பிரஷ்ஷை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“எழுதிக்கோம்மா. எடுத்தது நான். அப்ப ஆறாம் வகுப்பு. அன்னைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துல கடைசி நாள். மணி அடிக்கலன்னா பள்ளிக்கூடம் விடாதுன்னு நினைச்சேன். இவர் எடுக்கல. இவருக்கு ஒண்ணுமே தெரியாது.”

பிரஷ் பேனாவைத் திறந்தாள்.

“அந்தப் புதுக் குழி தோண்டினதும் நீங்கதானா அக்கா?”

“நான்தான். ரெண்டடி தள்ளிப் போயிட்டேன்.”

“தொட்டியை இடிச்சுக் கட்டினப்ப முன்னாடி தள்ளிட்டாங்க” என்று பிரஷ் ஆறுதலாகச் சொன்னாள். “பழைய சுவரோட அடிக்கல் எங்க சதுரத்துலதான் இருக்கு. தெரியாதவங்க யாரா இருந்தாலும் அங்கதான் தோண்டுவாங்க.”

தலைமையாசிரியர் முன்னால் வந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. “ஐயா, வயித்துல மணின்னு கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன்.”

“தெரியுங்க” என்றார் பெரியவர். “உங்க குரல்தான் நல்லா எடுப்பா கேக்கும்.”

யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு மணியைக் கையில் எடுக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டார். அதுதான் வரைந்து, அளந்து, படம் பிடித்து எல்லாம் ஆயிற்றே என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். உள்ளே முடிச்சைப் பார்த்துவிட்டு, அவர் அதை மருமகளிடம் நீட்டினார்.

“கட்டினவளே அவிழ்க்கட்டும்.”

நைலான் ரிப்பன் இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். அவர் கைக்குட்டையை இரும்புக் கம்பியில் சுற்றிப் பிடித்து, ஒரு தடவை ஆட்டினார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

“தொண்டை கட்டியிருக்கு” என்றார்.

அப்புறம் தாழ்வாரத்துக்குப் போனார். யாரும் கூடப் போகவில்லை. அந்தக் கோடி வரைக்கும் ஆட்டிக்கொண்டே நடந்தார், திரும்பியும் வந்தார். அவர் நடை இப்போது ரொம்ப மெதுவு, அதனால் நீண்ட மணி முன்பைவிட நீளமாக இருந்தது. பெற்றோர்களில் பழைய மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மணியக்கா மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அது தன் அறையை நோக்கி வருவதைக் கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். தெருமுனையில் நின்று, அவள் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தார். அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவள் அதை எடுத்துக் கழுவினாள்.

சில நாள் கழித்து மணியைத் தேய்த்துத் தருகிறேன் என்று அவர் பள்ளிக்கூடம் போனார். அதில்தான் டீச்சருக்கும் அவருக்கும் தகராறு. அந்தப் பச்சையும் ஒரு சான்று, அதை எடுக்கக்கூடாது என்றாள் அவள். அழுக்கோடு மணியை வைத்தால் தனக்குத் தூக்கம் வராது என்றார் அவர். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள், முடிவு வரவில்லை. அதற்குள் அவர் சாம்பலைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பாதியில் கை ஓய்ந்துபோனது. போதும் தாத்தா என்று பிரஷ் துணியை வாங்கிக்கொண்டாள்.

இப்போது மணி நூலக அலமாரியில் இருக்கிறது, பாதி பச்சை, பாதி மஞ்சள். பக்கத்தில் ரிப்பனும் துணியும் அட்டையும் இருக்கின்றன. அட்டையில் இருந்த காலியிடத்தை பிரஷ் நிரப்பியிருக்கிறாள்: ஆறாம் வகுப்பு மாணவி, வயது பதினொன்று. கழுவுதொட்டி இருந்த இடத்தில் ஆறு புதுக் குழாய்கள் இருக்கின்றன. மணியை எடுத்தது நான்தான் என்று மணியக்கா கல்வி அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள், இன்னும் பதில் வரவில்லை. தண்டவாளத்தை அவள்தான் அடிக்கிறாள். முன்போல் மூலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் பையை எப்போது மூடுவது என்று தெரியவில்லை என்று ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். நேற்று அரை நிமிடம் தாமதம் என்று மாமனார் சொன்னார்.